கையைத் தட்டிவிடுவதும் ஒரு பதில்

(ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பத்தாரிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்மா அப்பாக்களோடு தாத்தா பாட்டிகள், அத்தை மாமாக்கள், அண்ணன் தங்கைகள் என்று பலரும் வந்திருக்கிறீர்கள். இன்று நான் அதிகம் பேச விரும்புவது இந்த உறவுக்காரர்களிடம்தான். வாரா வாரம் தெரபி சென்டரில் உட்கார்ந்து ஒரு அம்மா கற்றுக்கொண்டு வருவதை, ஒரு விசேஷ வீட்டில் அரை மணி நேரத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து கலைத்துவிடுகிறோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பிரியத்தில்தான் செய்கிறோம். அதனாலேயே அது நம் கண்ணில் படுவதில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தவில் உச்சத்தில் இருக்கிறது. வாசலை மறைத்து நிற்கும் காரின் நம்பரை யாரோ மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மல்லிகையும் சந்தனமும் ஜெனரேட்டர் புகையும் சாம்பாரும் ஒன்றாக மூக்கில் ஏறுகின்றன. ஆறு வயதுப் பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொள்கிறான். பிறகு அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். பெரியப்பா வந்து கன்னத்தைக் கிள்ளுகிறார். "என்னடா, பெரியப்பாவைத் தெரியலையா? பேர் சொல்லு பார்ப்போம்." பையன் அந்தக் கையைத் தட்டிவிடுகிறான். "பெரியவங்களை அடிக்கலாமா? ஸாரி சொல்லு" என்று அம்மா சங்கடத்தில் அதட்டுகிறாள். "என் கண்ணைப் பார்த்துச் சொல்லணும்" என்கிறார் பெரியப்பா. "இன்னுமா பேச்சு வரலை?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்கிறது. பையன் தரையில் விழுந்து கத்துகிறான். யாரோ செல்போனை எடுத்து வீடியோ பிடிக்கிறார்.

கத்துவதற்கு முன் அந்தப் பையன் மூன்று முறை பேசிவிட்டான். காதைப் பொத்தியபோது சத்தம் தாங்கவில்லை என்றான். முகத்தைப் புதைத்தபோது இங்கிருந்து போக வேண்டும் என்றான். கையைத் தட்டிவிட்டபோது என்னைத் தொடாதீர்கள் என்றான். மூன்றுமே தெளிவான செய்திகள். எட்டு மாதக் குழந்தை இதைச் செய்திருந்தால் புரிந்துகொண்டு வெளியே தூக்கிப் போயிருப்போம். ஆறு வயதுப் பையனிடம் நாம் சொல்லாக எதிர்பார்ப்பதால், சொல்லாக வராத எதையும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். ஆட்டிசம் உள்ளவர்கள், சிறியவர்களோ பெரியவர்களோ, நம்மிடம் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொன்னது போய்ச் சேரவில்லை என்றால் ஒரு மனிதர் இரண்டில் ஒன்றைச் செய்வார். சத்தத்தைக் கூட்டுவார், அல்லது சொல்வதையே விட்டுவிடுவார். முன்னதை நாம் அடம் என்கிறோம். பின்னதைப் பார்த்து, "இப்பெல்லாம் ரொம்ப சமத்தாயிட்டான்" என்கிறோம். எனக்கு அதிகம் கவலை தருவது அந்தச் சமத்துதான்.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தின் வரலாறு பேசுகிறவர்கள் எல்லோரும் அதைச் சொல்வார்கள். 1946இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. என் வேலைக்கு அதுதான் அதிகம் உதவியிருக்கிறது. இந்தக் குழந்தைகள் சம்பந்தமில்லாமல் பேசுவதாகத் தோன்றும் சொற்களின் வேரைத் தேடிப் போகும் கட்டுரை அது. பால் என்று அவர் குறிப்பிடும் சிறுவன், வாணலி போன்ற பாத்திரம் எதைப் பார்த்தாலும் ஒரு குழந்தைப் பாட்டிலிருந்து இரண்டு சொற்களைச் சொல்வான். விசாரித்தால், அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அம்மா அந்தப் பாட்டைச் சொல்லிக்கொண்டே சமையலறையில் வேலை செய்திருக்கிறார். கையிலிருந்த பாத்திரம் தவறிக் கீழே விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அவனுக்கு அந்தப் பொருளின் பெயரே அந்த இரண்டு சொற்கள்தான். டாக்டரின் படிப்பு மட்டும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. வீட்டில் இருந்தவரின் ஞாபகம் தேவைப்பட்டது.

நம் வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. ஒரு குழந்தை நம்மிடம் வந்து "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்டால், அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று பொருள். தண்ணீர் வரும்போதெல்லாம் அது கேட்ட வாக்கியம் அதுதானே? பஸ் நெரிசலில் மாட்டித் தவித்த பையன், பிறகு எந்தக் கூட்டத்தைக் கண்டாலும் "உள்ள போ, உள்ள போ" என்று கண்டக்டர் குரலில் சொல்லலாம். பயம் வந்தால் ஒரு சினிமா வசனம், சந்தோஷம் வந்தால் ஒரு விளம்பரப் பாட்டு. பாரி பிரிசான்ட் என்ற அமெரிக்கப் பேச்சு மொழி வல்லுநர் 1980களில் இந்த எதிரொலிப் பேச்சை ஆராய்ந்தார். கேட்பதற்கு, மறுப்பதற்கு, தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்வதற்கு என்று அதற்குப் பல வேலைகள் இருப்பதைக் காட்டினார். "சும்மா சொன்னதையே சொல்லாதே" என்று தயவுசெய்து அடக்காதீர்கள். எப்போது சொல்கிறான், எதைப் பார்த்துச் சொல்கிறான் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளிக்கும் அந்த நோட்டு போகட்டும். தண்ணீர் கேட்கும் குழந்தைக்கு "எனக்குத் தண்ணி வேணும்" என்று அது சொல்ல வேண்டிய வாக்கியத்தை நாம் சொல்லி, உடனே தண்ணீரைக் கொடுத்துவிட வேண்டும். சரியாகச் சொன்னால்தான் தருவேன் என்று டம்ளரை உயரத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. தாகத்தோடு இருப்பவரிடம் இலக்கணம் கேட்பது பாடமாகாது.

அம்மாக்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். அதற்கு முன்பே, 1964இல், பெர்னார்ட் ரிம்லேண்ட் அந்தக் கருத்தை எதிர்த்து, இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. அறிவியலில் அந்தப் பழி முடிந்து பல காலம் ஆகிறது. நம் வீடுகளில் முடியவில்லை. "இவ வேலைக்குப் போனதுதான் காரணம்", "எந்நேரமும் கையில போனைக் கொடுத்தா இப்படித்தான்." நான் இன்று சொல்லும் எதையும் ஒரு மருமகளைக் குற்றம் சொல்ல யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற வேண்டியது வீடு முழுவதும்.

வீடு மாறினால் குழந்தை மாறுமா? ஓரளவுக்குப் பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் பாக்ட் என்ற பயிற்சி முறையை உருவாக்கினார்கள். 152 குழந்தைகளின் குடும்பங்கள் பங்கேற்ற ஆய்வு 2010இல் வெளிவந்தது. குழந்தையோடு அம்மாவோ அப்பாவோ விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு பெற்றோரும் பயிற்சியாளரும் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். பயிற்சி தரப்படுவது பெற்றோருக்குத்தான். குழந்தை எங்கே ஒரு சின்ன அழைப்பு விடுத்தது, நாம் எங்கே அதைக் கவனிக்காமல் கடந்தோம் என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அதையே தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் செய்தார்கள். 2016இல் முடிவுகள் வந்தன. அங்கே பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் அல்லர், இதற்கெனப் பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையின் போக்கை ஒட்டிப் பதில் தருவது கூடியது. குழந்தைகள் தாங்களாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது.

அப்படி ஒரு வீடியோவை உங்கள் வீட்டில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாம் பரீட்சை வைத்துக்கொண்டிருப்போம். "இது என்ன? என்ன கலர்? நாய் எப்படிக் கத்தும்? சொல்லு, சொல்லு." குழந்தை காரைத் தலைகீழாகத் திருப்பிச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். நாம் அதைப் பிடுங்கி நேராக ஓட்டிக் காட்டுவோம். அதற்குப் பதில் நீங்களும் ஒரு காரை எடுத்துத் திருப்பிச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். "சுத்துது" என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். பிறகு சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்து எண்ணுவதுதான் மிகக் கடினம். நம் வீடுகளில் ஒரு கேள்விக்கு இரண்டு விநாடியில் பதில் வராவிட்டால் அதையே சத்தமாகக் கேட்போம். அதற்கும் வராவிட்டால் வேறு சொற்களில் கேட்போம். உள்ளே பதிலைக் கட்டிக்கொண்டிருப்பவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒருமுறை கேளுங்கள், காத்திருங்கள். பதில் ஒரு பார்வையாக வரலாம், உங்கள் கையைப் பிடித்து இழுப்பதாக வரலாம். அது வந்ததும், வந்தது என்று காட்டுங்கள்.

கண்ணைப் பார்த்துப் பேசு என்பதைப் பற்றி. 2017இல் வெளிவந்த மூளைப் படப் பதிவு ஆய்வு ஒன்றில், முகங்களின் கண் பகுதியை மட்டும் பார்க்கும்படி செய்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் ஆழ்பகுதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தூண்டப்பட்டதைக் கண்டார்கள். கண்ணைப் பார்ப்பதா, நீங்கள் சொல்வதைக் கேட்பதா, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பேரன் ஜன்னலைப் பார்த்தபடி நீங்கள் சொல்லும் கதையைக் கேட்கிறான் என்றால், அவன் கேட்கிறான். தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள்.

நாம் வாய்க்கு வந்தபடி சொல்லும் சொற்களுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். "உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்." "போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்." "எங்கயாவது போய்த் தொலை." மற்றக் குழந்தைகள் இதை வெறும் கோபம் என்று தள்ளிவிடலாம். ஆட்டிசம் உள்ள பலர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். போய்த் தொலை என்றால் கதவைத் திறந்து போகக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சு இல்லாத பிள்ளை தெருவில் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் என்று பயமுறுத்தி வளர்த்தால், தொலைந்துபோன அன்று உதவ வரும் போலீஸ்காரரைக் கண்டே ஒளிந்துகொள்வான். விளையாட்டுக்குச் சொல்வதும் இதில் சேரும். "தம்பிப் பாப்பாவை நான் தூக்கிட்டுப் போயிடவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போகும் மாமா, அந்தக் குழந்தை இரவெல்லாம் தொட்டில் பக்கத்தில் விழித்திருப்பதைப் பார்ப்பதில்லை. "போயிட்டு வர்றேன்" என்றால் எப்போது வருவீர்கள் என்றும் சொல்லுங்கள். "ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்று சொன்னால், வாருங்கள். வர முடியாவிட்டால் முன்னாடியே போன் செய்து சொல்லுங்கள்.

அவர்கள் காதுபட நாம் பேசுவதும் உண்டு. பேச்சு வராத பிள்ளைக்குக் கேட்பதும் புரியாது என்று நாமாக முடிவுசெய்துவிடுகிறோம். சொல்ல முடிவதற்கும் புரிந்துகொள்ள முடிவதற்கும் இடையே எவ்வளவோ தூரம் இருக்கலாம். "எனக்கப்புறம் இவனை யார் பார்த்துக்குவா?" இந்த அரங்கில் அந்தக் கேள்வி இல்லாத பெற்றோர் இருக்க மாட்டார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே வந்தவரிடமெல்லாம் அதைச் சொல்லி அழுதால், தான் ஒரு சுமை என்பதையும் சோற்றோடு சேர்த்து ஊட்டுகிறோம். 1993இல் கனடாவின் டொரான்டோ நகரில் நடந்த ஆட்டிசம் மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பெற்றோரிடம் ஓர் உரை ஆற்றினார். ஆட்டிசம் உள்ளவர் அவர். எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் எதிர்பார்த்திருந்த குழந்தை வராத வருத்தம் உங்களுக்கு இருக்கலாம், அதை வேறிடத்தில் ஆற்றிக்கொள்ளுங்கள், எதிரில் உயிரோடு நிற்கும் குழந்தைமேல் இறக்காதீர்கள் என்று கேட்டார். உங்கள் அழுகைக்கும் ஓர் இடம் வேண்டும். அக்காவிடம் அழுங்கள், பெற்றோர் குழுவில் அழுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு அழுங்கள்.

இனிப் பெரியவர்கள். ஆட்டிசம் என்றால் குழந்தைகள் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். தங்களுக்கு இருப்பது ஆட்டிசம் என்று தெரியாமலே நாற்பது வயதைக் கடந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், நிறையப் பேர் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சாவு வீட்டை எண்ணிப் பாருங்கள். அப்பா இறந்து கிடக்கிறார். மகன் அழவில்லை. ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் சரியாக வருகிறதா என்று ஒயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். "கல் மனசு" என்று சனம் பேசுகிறது. அந்தச் சொல் அவன் காதில் விழுகிறது, ஆயுளுக்கும் தங்குகிறது. தன் உள்ளே ஓடும் உணர்ச்சி இன்னதென்று இனம்காண முடியாத நிலை ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் அது இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அந்த மகனுக்கும் துக்கம் இருக்கிறது. அது என்னவென்று மூன்று மாதம் கழித்து, அப்பாவின் சைக்கிளைத் துடைக்கும்போது அவனுக்கே தெரியவரலாம். அன்று பக்கத்தில் இருங்கள். சாவு வீட்டில் அழவில்லையே என்று அப்போது கணக்குக் கேட்காதீர்கள்.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவருக்கும் ஆட்டிசம் உண்டு, அவர் மகனுக்கும் உண்டு. அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, நமக்கு அவர்களைப் புரிகிறதா என்று அவர் கேட்டார். புரியாமை இரண்டு பக்கமும் உண்டு என்பது அவர் வாதம். 2020இல் எடின்பரோவில் 72 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில், மற்றவர்கள் மட்டுமே இருந்த வரிசைக்கு இணையாகக் கதை போய்ச் சேர்ந்தது. இரு தரப்பினரும் கலந்த வரிசையில்தான் அதிகம் தேய்ந்தது. பிறகு இன்னும் பெரிய அளவில் செய்தபோது மூன்று வகை வரிசைக்கும் வேறுபாடு தெரியவில்லை. கலந்த வரிசை பற்றிய முடிவு மாறினாலும், ஆட்டிசம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்வதில் குறைந்தவர்கள் அல்லர் என்பது இரண்டு முறையும் நின்றது. ஆகவே ஆட்டிசம் உள்ள கணவரிடமோ அண்ணனிடமோ ஜாடையாகப் பேசிவிட்டு, புரிந்துகொள்ளவில்லை என்று கோபிக்காதீர்கள். "குப்பை அப்படியே கிடக்குது" என்பது அவருக்கு ஒரு தகவல். "குப்பையை இப்பக் கீழே கொண்டு போட்டுடுங்க" என்றால் போட்டுவிடுவார். மனம்விட்டுப் பேச வேண்டியதை நேரில் கேட்டால் திணறுகிறவர், பக்கத்து அறையிலிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று பக்கம் எழுதுவார். எழுதட்டும். அதுவும் மனம்விட்டுப் பேசுவதுதான்.

தாங்க முடியாமல் உடைந்து கத்தும் நேரத்தில் என்ன செய்வது என்று எப்போதும் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் சொல்லித்தர எதுவும் இல்லை. கேள்வி கேட்காதீர்கள், காரணம் விசாரிக்காதீர்கள். விளக்கை அணையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், தலையைத் தரையில் இடித்துக்கொண்டால் கீழே தலையணை வையுங்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில், பேசாமல் இருங்கள். வீடியோ எடுப்பவரிடம் போனைக் கீழே போடச் சொல்லுங்கள், வயதில் மூத்தவராக இருந்தாலும். எல்லாம் அடங்கிய பிறகும் மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டாம். தண்ணீர் கொடுத்துத் தூங்க விடுங்கள்.

படம் காட்டிப் பேசவைத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்ற பயத்தில் பல வீடுகளில் படங்களையும் டேப்லெட்டையும் தள்ளிப்போடுகிறார்கள். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தரவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடவே செய்திருக்கிறது. சென்னையிலேயே, வித்யாசாகர் என்ற நிறுவனத்தின் துணையோடு, அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. பிள்ளையின் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தொடவைக்கும் முறையை நம்பாதீர்கள். பிள்ளைக்கு ஒரு படத்தையும் கைபிடிப்பவருக்கு வேறொரு படத்தையும் காட்டிச் சோதித்தபோது, கைபிடித்தவர் பார்த்த படத்தின் பெயரே எழுதப்பட்டது. பிள்ளையின் குரல் என்று நாம் கொண்டாடுவது வேறொருவர் குரலாக இருந்துவிடக் கூடாது.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது. சமத்தைப் பற்றிய என் கவலை என்றேனே, அது இதுதான். கட்டிப்பிடிக்க வேண்டாம் என்று திமிறும் குழந்தையைப் பிடித்து அழுத்தி "அத்தைக்கு முத்தம் கொடு" என்கிறோம். தெரபியில் கையைப் பிடித்து உட்காரவைக்கிறோம். பெரியவர்கள் சொன்னால் உடனே செய்ய வேண்டும் என்று பழக்கி, செய்ததும் மிட்டாய் கொடுக்கிறோம். தன் உடம்பைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்ன ஒவ்வொரு "வேண்டாம்" என்பதையும் பிரியமுள்ளவர்களே மீறியிருக்கிறோம். பிறகு ஒருநாள், கெட்ட எண்ணத்தோடு ஒருவன் தொடும்போது, அவனைத் தட்டிவிட அந்தப் பிள்ளைக்கு நம்மில் யார் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2012இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, மாற்றுத்திறன் குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு அதிகம் என்றது.

நம் சட்டம் இந்த இடத்தில் பல குடும்பங்களைவிட முன்னால் நிற்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மாற்றுத்திறன் உள்ள குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது சிறப்பாசிரியரின் உதவியையோ, அந்தக் குழந்தை தொடர்புகொள்ளும் விதம் தெரிந்த ஒருவரின் உதவியையோ பெறலாம் என்கிறது. அந்தக் குழந்தைக்கென்று ஒரு விதம் இருக்கிறது என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதைத் தெரிந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும். அதனால் இன்றிலிருந்து தொடுவதற்கு முன் கையை நீட்டிக் காத்திருங்கள். வந்தால் சரி, திரும்பிக்கொண்டால் "சரி, வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கையை எடுத்துவிடுங்கள். மாத்திரை, ஊசி, பல் தேய்ப்பது போல் தவிர்க்கவே முடியாதவை உண்டு. அவற்றில், செய்வதா வேண்டாமா என்று கேட்காதீர்கள். எந்தக் கையில் ஊசி, எந்த பிரஷ் என்பதையாவது அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். டேப்லெட்டிலும் படப் புத்தகத்திலும் சாப்பாட்டுப் படங்களுக்கு முன்னால் "வேண்டாம்", "நிறுத்து", "வலிக்குது" என்ற மூன்றும் இருக்கட்டும். உடலுறுப்புகளின் பெயர்களும் இருக்கட்டும். வெட்கப்பட்டு அதை விட்டுவிடாதீர்கள். பிள்ளை "நிறுத்து" என்று தொட்டால், நீங்கள் செய்வது கிச்சுக்கிச்சு மூட்டுவதாக இருந்தாலும் அந்த நொடியே நிறுத்துங்கள்.

இனி உங்கள் கேள்விகள். எழுந்து பேச விரும்பாதவர்கள் எழுதித் தரலாம், தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. டேப்லெட்டில் கேட்கப்போகிறவர்கள் கேட்டு முடிக்கும்வரை காத்திருப்போம், யாரும் இடையில் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.